வீட்டு நாய் பூனைகளின் ஒட்டுண்ணிகள்: அறிதலும் தடுத்தலும்

தோட்டப்புறங்களில் நாய் படுத்திராத வாசலும் பூனை உலவாத அடுப்பங்கரையும் அரிது. விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்படும் நம்முடன் நிரை வரை துணை வருவது நாய். அரிசி மூட்டையை எலியிடமிருந்து காப்பது பூனை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பின்னர் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் முதலிய நகர்ப்புறங்களில் குடியேறிய நம் உறவினரும் இவ்வழக்கத்தைக் கைவிட்டாரில்லை. ஆனால் நம்மை அண்டி வாழும் இப்பிராணிகளை அண்டி வாழும் வேறு உயிர்களும் உள்ளன. அவற்றையே ஒட்டுண்ணிகள் என்கிறோம். குடலில் வாழும் புழுக்களும், தோலில் ஒட்டும் உண்ணிகளும், குருதியில் ஓடும் நுண்புழுக்களும் இவ்வினத்தைச் சேர்ந்தவை.

"நாய்க்குப் புழு இருந்தால் நமக்கென்ன?" என்று கேட்போர் உளர். "மாத்திரை கொடுத்தாயிற்று, இனி அச்சமில்லை" என்று அமைவோரும் உளர். இவ்விரு கருத்துகளும் பிழையானவை. ஒட்டுண்ணி தன் வாழ்நாள் முழுவதையும் விலங்கின் உடலிலேயே கழிப்பதில்லை. அதன் முட்டையும் குஞ்சும் வளர்வது நம் வாசல் மண்ணில், சுவர் வெடிப்பில், சாக்கடை நீரில். ஆதலின், விலங்குக்கு மருந்து கொடுப்பது பாதி வேலை. வாசலைத் தூய்மையாக வைத்திருப்பது மறுபாதி வேலை. இவ்விரண்டையும் ஒருங்கே செய்வது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கிள்ளான் கற்பித்த பாடம்

நோயை அது பிறக்குமிடத்திலேயே தடுக்க வேண்டும் என்னும் உண்மைக்குக் கிள்ளானே சான்று பகரும். 1901ஆம் ஆண்டில் அரசாங்க மருத்துவராகக் கிள்ளானுக்கு வந்தார் மால்கம் வாட்சன். அக்காலத்தில் கிள்ளான் நகரிலும், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மலேரியாக் காய்ச்சல் மக்களை வாட்டியது. அவர் நோயாளிகளுக்குக் கொய்னா கொடுப்பதோடு நில்லாமல், கொசு பிறக்கும் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டச் செய்தார். காய்ச்சல் கண்டோர் தொகை வெகுவாகக் குறைந்தது. மருந்து நோயாளியைக் காத்தது. வடிகாலோ ஊரைக் காத்தது.

கொக்கிப்புழுவின் வரலாறும் இத்தகையதே. எகிப்து நாட்டில் ஆராய்ச்சி செய்து வந்த ஆர்தர் லூஸ் என்னும் செர்மானிய அறிஞர், கொக்கிப்புழுவின் குஞ்சுகள் கலந்த நீரைத் தற்செயலாகத் தம் கைமீது சிந்திக்கொண்டார். சிந்திய இடத்தில் அரிப்பும் சிவப்பும் தோன்றின. சில வாரங்களுக்குப் பின் அவருடைய மலத்திலேயே அப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. இப்புழு வாய் வழியாக மட்டுமன்றித் தோலைத் துளைத்தும் உடலினுள் நுழையும் என்பதை 1898ஆம் ஆண்டில் அவர் உலகிற்கு அறிவித்தார். பின்னர் 1915 முதல் 1917 வரை, ராக்பெல்லர் அறநிறுவனத்தின் சார்பில் சாமுவேல் டார்லிங் என்பவரின் தலைமையில் வந்த குழுவினர் மலாயாவில் இப்புழுவைப் பற்றி ஆராய்ந்தனர். நம் முன்னோர் குருதி குன்றி, உடல் வெளிறி, உழைக்க இயலாது வருந்தியதற்கு இப்புழு ஒரு பெருங்காரணம். கழிப்பிடமும் காலணியும் பரவியபின் மனிதரிடையே அதன் கொடுமை தணிந்தது. ஆயினும் நாய்க்குக் கழிப்பிடமும் இல்லை, காலணியும் இல்லை. அங்கு அது இன்னும் செழித்து வாழ்கிறது.

குடலில் வாழும் புழுக்கள்

முதலாவது கொக்கிப்புழு. நூலிழை போல் மெலிந்த இப்புழு குடற்சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சும். நாயின் கொக்கிப்புழு ஒன்று நாளொன்றுக்கு 0.1 மில்லிலிட்டர் வரை குருதியை இழக்கச் செய்யவல்லது. அளவு சிறிதெனத் தோன்றலாம். ஒரு கிலோகிராம் எடையுள்ள நாய்க்குட்டியின் உடலில் இருக்கும் குருதி ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிலிட்டர் மட்டுமே. அதன் குடலில் நூறு புழுக்கள் இருப்பின், நாள்தோறும் 10 மில்லிலிட்டர் வரை குருதி வீணாகும். பிறந்து சில வாரங்களே ஆன குட்டிகள் திடீரென்று சோர்ந்து மடிவதற்கு இது ஒரு காரணம். தாயின் பால் வழியாகவும் இப்புழு குட்டிகளைச் சேர்கிறது என்பதை நாம் நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

இதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஓரிரு நாள்களில் பொரிக்கின்றன. ஒரு வாரம் அளவில் குஞ்சுகள் தோலைத் துளைக்கும் ஆற்றலைப் பெறுகின்றன. ரப்பர் மரங்களின் நிழலும், ஓயாத மழையும், இளகிய மண்ணும் இவற்றுக்கு ஏற்ற தொட்டிலாகும். நேர் வெயிலும் உலர்ந்த மண்ணும் இவற்றின் பகை.

இப்புழுக்களுள் சிலானிக்கம் என்னும் வகை நம் கருத்துக்கு உரியது. இலங்கையில் ஒரு புனுகுப்பூனையிடமிருந்து கிடைத்த இதனை 1911ஆம் ஆண்டில் விவரித்துப் பெயரிட்டவரும் மேற்சொன்ன லூஸ் என்பவரே. பிற நாய்ப் புழுக்கள் மனிதத் தோலினுள் நுழைந்தாலும் பெரும்பாலும் அங்கேயே அலைந்து, அரிக்கும் செந்நிறக் கோடுகளை உண்டாக்கி மடிந்துவிடும். சிலானிக்கமோ மனிதக் குடலை அடைந்து, முழு வளர்ச்சி பெற்று, குருதி குடிக்கும் வல்லமை உடையது. தீபகற்ப மலேசியாவின் உட்புறக் கிராமங்களில் நடத்தப்பட்டு 2012ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் 634 மனிதர்களும் 105 நாய் பூனைகளும் சோதிக்கப்பட்டனர். விலங்குகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 62 கொக்கிப்புழு கொண்டிருந்தன. மனிதர்களில் நூற்றுக்கு ஒன்பது பேரிடம் அப்புழு காணப்பட்டது; அப்புழுக்களின் இனத்தை ஆராய்ந்தபோது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சிலானிக்கம் எனத் தெரிந்தது. நாயின் புழு நாயோடு நிற்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது உருளைப்புழு. வெண்ணிறமாய், சேமியா போல் நீண்டு, சில வேளைகளில் குட்டியின் வாந்தியிலும் மலத்திலும் வெளிப்படும். கருவிலிருக்கும்போதே தாய் நாயிடமிருந்து குட்டிகளைப் பற்றுவதால், பிறக்கும் குட்டிகள் அனைத்திற்கும் இது இருக்கக்கூடும் என்று கொள்வதே பாதுகாப்பானது. வயிறு பானை போல் உப்பி, விலா எலும்பு தெரிய மெலிந்திருக்கும் குட்டியைக் கண்டு, "நன்றாகத் தின்று கொழுத்திருக்கிறது" என்று மகிழ்தல் தவறு. இதன் முட்டைகள் மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தொற்றும் தன்மையை அடைந்து, பின்னர் ஆண்டுக் கணக்கில் உயிரோடிருக்கும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடலில் இம்முட்டைகள் பொரித்தால், குஞ்சுகள் ஈரல், நுரையீரல் முதலிய உறுப்புகளில் அலைந்து திரியும். கண்ணை அடையுமாயின் பார்வையே கெடக்கூடும்.

மூன்றாவது நாடாப்புழு. நாயின் ஆசனவாயைச் சுற்றியும், அது படுத்த சாக்கின் மீதும் அரிசி மணி போன்ற துணுக்குகள் காணப்பட்டால் அவை இப்புழுவின் துண்டங்கள் எனலாம். புதிதாக வெளிவந்தவை மெல்ல அசையும். இப்புழுவைப் பரப்புவது தெள்ளுப்பூச்சி. அரிப்பெடுத்த நாய் தன் உடலைக் கடிக்கையில் தெள்ளுப்பூச்சியை விழுங்கிவிட, அதனுள்ளிருக்கும் புழுவின் குஞ்சு நாயின் குடலில் வளர்கிறது. ஆகவே, தெள்ளுப்பூச்சியை ஒழிக்காது புழு மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதை ஒக்கும்.

பூனை வளர்ப்போர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். டாக்சோபிளாஸ்மா என்னும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வெளியேறக்கூடும். வெளிவந்து ஒன்று முதல் ஐந்து நாள்களுக்குள் அது தொற்றும் தன்மையைப் பெறுகிறது. ஆகவே பூனையின் மலத்தை நாள்தோறும் அகற்ற வேண்டும். கருவுற்ற பெண்கள் அவ்வேலையைச் செய்யாது, வீட்டிலுள்ள பிறரிடம் விட்டுவிடுதல் நலம்.

தோலில் ஒட்டுவன

தெள்ளுப்பூச்சி பழுப்பு நிறமானது, தாவி ஓடும். பெண் பூச்சி ஒரு நாளில் 40 முதல் 50 முட்டைகள் வரை இடும். முட்டைகள் விலங்கின் மேல் தங்காமல் பாயிலும் பலகை இடுக்கிலும் உதிர்கின்றன. விலங்கின் உடலில் நாம் காணும் பூச்சிகள் மொத்தத்தில் சிறு பகுதியே. பெரும்பகுதி முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் வீட்டுத் தரையில் மறைந்திருக்கும். இதனை அறிய எளிய வழியொன்று உண்டு. ஈரமான வெள்ளைத் துணியின்மீது விலங்கின் உரோமத்தைச் சீப்பால் வாருங்கள். உதிரும் கரும்பொடி செந்நிறமாகக் கரைந்தால், அது தெள்ளுப்பூச்சியின் கழிவு. அதாவது உங்கள் நாயின் குருதி.

உண்ணி காது மடல், கழுத்து, கால் விரல் இடுக்கு ஆகிய இடங்களில் ஒட்டும். குருதி குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவரில் ஏறி, வெடிப்பினுள் ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டு மடியும். உண்ணி வழியாக நாயின் குருதியில் பரவும் எர்லிக்கியா, பபேசியா ஆகிய நோய்கள் காய்ச்சலையும் குருதிச் சோகையையும் உண்டாக்கும். உணவை வெறுத்து, ஈறு வெளிறி, மூக்கில் குருதி கசியும் நாயைக் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும்.

சொறியை உண்டாக்கும் நுண்பூச்சிகள் கண்ணுக்குப் புலப்படா. காது ஓரம், முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் மயிர் உதிர்ந்து பொருக்கு படிதலே அவற்றின் அடையாளம். அந்நாயைத் தொட்டவருக்கும் சில நாள் அரிப்பு உண்டாகலாம். பூனையின் காதில் காப்பித்தூள் போன்ற கருநிற அழுக்கு நிறைந்து, அது ஓயாது தலையை உதறினால், காதுப் பூச்சி பற்றியுள்ளது என்று கருதலாம்.

பெட்டாலிங் ஜெயாவில் நிகழ்ந்தது

கொசு வழியாகவும் ஒட்டுண்ணிகள் பரவுகின்றன. நாயின் இதயத்தில் தங்கி மூச்சுத் திணறச் செய்யும் இதயப்புழு அவற்றுள் ஒன்று. மனிதருக்குத் தொடர்புடைய மற்றொரு புழுவின் பெயரிலேயே நம் நாட்டின் மாநிலம் ஒன்று உள்ளது. மலாயாவின் நாய் பூனைகளிடம் கண்டறியப்பட்டு, 1956ஆம் ஆண்டில் பக்லி, எடிசன் என்னும் இரு ஆய்வாளர்களால் விவரிக்கப்பட்ட அப்புழுவுக்குப் புரூகியா பகாங்கி என்று பெயர். மனிதருக்கு யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவின் நெருங்கிய இனம் இது. நெடுங்காலம் இது விலங்குகளுக்கு மட்டுமே உரியது என்று கருதப்பட்டது.

2003ஆம் ஆண்டுக்கும் 2006ஆம் ஆண்டுக்கும் இடையே யானைக்கால் நோய்க்குரிய அறிகுறிகளுடன் ஐவர் சிகிச்சைக்கு வந்தனர். அவர்களுள் நால்வர் பெட்டாலிங் ஜெயாவில் வசித்தவர். ஐந்தாமவர் அங்கு அடிக்கடி சென்று வந்தவர். மரபணுச் சோதனையில் அவர்களுள் இருவரிடம் இருந்தது புரூகியா பகாங்கி என்பது புலனாயிற்று. நல்வாய்ப்பாக ஐவரும் மருந்தினால் நலம் பெற்றனர். இச்செய்தி 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதனைத் தொடர்ந்து நடந்த ஆய்வில், இப்புழுவின் குஞ்சுகள் ஆர்மிஜெரிஸ் என்னும் கொசுவிடம் காணப்பட்டன. மலக்குழி முதலிய அழுக்கு நீரில் பெருகி, அந்தி வேளையில் கடிக்கும் பெரிய கொசு அது. இவ்வாறு மனிதரைப் பற்றுவது அரிதே. அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. ஆனால் பூனையின் குருதி, அழுக்கு நீர், கொசு, மனிதர் ஆகிய நான்கும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக உணர்த்துகிறது. மூடாத மலக்குழியை மூடினாலே ஒரு கண்ணி அறுந்துவிடும்.

வாரம் ஒரு முறை ஆய்வு

ஓய்வு நாளில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். முதலில் உதட்டை விலக்கி ஈறுகளைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருப்பின் நலம். வெளிறியிருப்பின் குருதி குறைந்துள்ளது. (இயல்பாகவே ஈறு கறுத்த நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம்.) பின்னர்க் காது, கழுத்து, விரல் இடுக்கு, வாலடி ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். மலம் தார் போல் கறுத்திருக்கிறதா, புழு உள்ளதா என்று நோக்குங்கள். நன்றாகத் தின்றும் மெலிதல், உரோமம் பொலிவிழத்தல், ஆசனவாயைத் தரையில் தேய்த்தல், சிறிது ஓடியதும் இருமுதல் ஆகியனவும் அடையாளங்களே. எவ்வித அடையாளமும் இன்றிப் புழு இருத்தலும் உண்டு. ஆதலின் அடையாளத்துக்குக் காத்திராமல் நாள் குறித்து மருந்து கொடுப்பதே முறை.

மருந்து கொடுக்கும் காலம்

நாய்க்குட்டிகளுக்குப் பிறந்த 2, 4, 6, 8ஆம் வாரங்களில் புழு மருந்து கொடுத்தல் வேண்டும். அதன்பின் ஆறு மாதம் நிறையும் வரை மாதம் ஒரு முறையும், பின்னர் மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். பூனைக்குட்டிகளுக்கு மூன்றாம் வாரத்தில் தொடங்கலாம். குட்டிகளோடு தாய்க்கும் சேர்த்துக் கொடுத்தல் இன்றியமையாதது. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. குட்டியை ஏந்தியவாறு தராசில் நின்று, பின் தனியே நின்று, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் அதன் எடை கிடைத்துவிடும். அவ்வெடையைக் கால்நடை மருத்துவரிடம் கூறி மருந்து பெறுக. நாள்காட்டியில் அடுத்த முறைக்குரிய நாளை அன்றே குறித்துவிடுக. குடற்புழு மாத்திரை இதயப்புழுவைத் தடுக்கும் என்று எண்ணுதல் கூடாது. அதற்குக் குருதிச் சோதனையும் தனி மருந்தும் தேவை. அரசாங்கக் கால்நடை அலுவலகத்திலோ, தனியார் கால்நடைக் கிளினிக்கிலோ, செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையிலோ இவை பற்றி ஆலோசனை பெறலாம்.

வாசலைக் காக்கும் முறை

நாயின் மலத்தை நாள்தோறும் அள்ளி, பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் இடுக. அல்லது கிணற்றுக்கும் கால்வாய்க்கும் கீரைப் பாத்திக்கும் அப்பால் ஓரடி ஆழத்தில் புதைக்க. புழுவின் முட்டை தொற்றும் நிலையை அடைய நாள்கள் ஆகின்றன என்று கண்டோம். அந்த நாள்களே நமக்குக் கிடைத்த தவணை. அன்றன்றே அள்ளினால் புழுவின் வழி அடைபடுகிறது.

வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டி வெயில் படச் செய்க. பிள்ளைகள் காலணியின்றி மண்ணில் திரிவதைத் தவிர்க்கச் செய்க. விளையாடி வந்ததும் சோப்பிட்டுக் கை கழுவப் பழக்குக. கோயில் திடலில் நாம் செருப்பைக் கழற்றிவிட்டே நடக்கிறோம். எனவே அங்கு நாய்கள் அசுத்தம் செய்யாதபடி காப்பது ஊரார் அனைவரின் கடமை. நாய் படுக்கும் சாக்கை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துக. சுவர் வெடிப்புகளைச் சிமெண்டால் அடைக்க.

ஒரு வீட்டார் மட்டும் முயன்றால் பயன் குறைவு. இந்த வாசலில் ஒழிந்த உண்ணி அடுத்த வாசலிலிருந்து வந்து சேரும். ஆகவே ஒரு லயத்தில், அல்லது ஓர் அடுக்குமாடியின் ஒரு தளத்தில், எல்லா நாய் பூனைகளுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்து, அன்றே கூட்டுப்பணியாகச் சுற்றுப்புறத்தையும் துப்புரவு செய்தல் சிறந்தது. நாயை அண்டை வீட்டார் வாசலில் திரிய விடாமல் காப்பது, பல இன மக்கள் கூடி வாழும் நம் நாட்டில் நற்பண்பும் ஆகும்.

செய்யத் தகாதவை

சொறி கண்ட நாய்க்கு எஞ்சின் எண்ணெய், மண்ணெண்ணெய் முதலியன பூசும் வழக்கம் சிலரிடம் உண்டு. நாய் அதனை நக்கி நஞ்சுண்டு வருந்தும், தோலும் வெந்துபோகும். பயிருக்குத் தெளிக்கும் மருந்தைக் கலந்து குளிப்பாட்டுதல் அதனினும் கேடு. மாட்டுக்குரிய ஊசி மருந்தை அளவறியாது நாய்க்குப் போடுதல் உயிருக்கே தீங்காகலாம். பெர்மெத்திரின் கலந்த, நாய்க்குரிய உண்ணி மருந்து பூனையைக் கொல்லும். ஆதலின் புட்டியின் மேலுள்ளதைப் படித்தறிந்த பின்னரே பயன்படுத்துக. உண்ணியைத் தீயால் சுடுவதும் விரலால் நசுக்குவதும் வேண்டா. சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மெல்ல இழுத்தெடுத்துச் சோப்பு நீரில் போடுக.

வீட்டில் எவருக்கேனும் தோலில் ஊர்ந்து செல்லும் கோடு போன்ற அரிப்போ, காரணம் தெரியாத சோகையோ, கால் வீக்கமோ தோன்றினால், சுகாதாரக் கிளினிக்கிற்குச் சென்று, வீட்டில் நாயோ பூனையோ இருப்பதையும் மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். அவ்வொரு சொல் நோயை விரைவில் கண்டறிய உதவும்.

நோயுற்ற நாயைத் தெருவில் விட்டு வருவதால் நோய் நீங்குவதில்லை. அது ஊரெல்லாம் பரவும். வளர்க்கும் விலங்கை நோயினின்று காப்பது அதன் உரிமையாளரின் பொறுப்பு என்று 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் கூறுகிறது. சட்டம் கூறாவிடினும், இரவெல்லாம் கண் விழித்து நம் வாசலைக் காக்கும் உயிருக்கு நாம் பட்ட கடன் அது. மாத்திரைக்கு மூன்று மாதங்களுக்கு ஒரு நாள். ஆய்வுக்கு வாரத்தில் பத்து நிமிடம். வாசலுக்கு நாள்தோறும் ஒரு கை மண்வெட்டி வேலை. இவற்றைத் தவறாது செய்து வருவோமாயின், நம் குழந்தைகள் நாய்க்குட்டியோடு அச்சமின்றி விளையாடலாம்.